பாப்ரிக்காஷ் சிர்கெ: ஒரு கோழிக்குழம்பின் வரலாறு

பாப்ரிக்காஷ் சிர்கெ, ஹங்கேரி நாட்டு வீடுகளில் சமைக்கப்படும் கோழிக்குழம்பு. வெங்காயம், மிளகாய்த்தூள், கோழி, புளித்த பாலேடு ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே பாத்திரத்தில் சேர்ந்து இது உருவாகிறது. நிறம் செம்மஞ்சள், காரம் குறைவு, குழம்பு கெட்டியாகவும் வழவழப்பாகவும் இருக்கும். ஹங்கேரியர் இதைத் தங்கள் தேசிய உணவுகளில் ஒன்றாகக் கருதுகின்றனர். ஆனால் இதன் உயிரான மிளகாய் 16ஆம் நூற்றாண்டுக்கு முன் ஹங்கேரிக்குத் தெரியாத பொருள். இன்று அறியப்படும் சுவை அதற்கும் மிகப் பிந்தியது. அயல்நாட்டுக் காய் ஒன்று ஒரு மக்களின் அடையாளமாக மாறிய வரலாறு இந்தக் குழம்பில் அடங்கியுள்ளது.

பெயர்

'சிர்கெ' என்பது ஹங்கேரிய மொழியில் இளங்கோழியைக் குறிக்கும். 'பாப்ரிக்காஷ்' என்றால் பாப்ரிக்கா சேர்ந்தது என்று பொருள். பாப்ரிக்கா என்ற சொல் தெற்கு ஸ்லாவிய மொழிகளிலிருந்து வந்தது. அங்கே 'பாபர்' என்றால் மிளகு. பாப்ரிக்கா என்பது அதன் குறுமை வடிவம். பாபர் என்ற சொல்லோ லத்தீன் 'பிப்பெர்', கிரேக்க 'பெப்பெரி' ஆகியவற்றின் வழியாக, திப்பிலியைக் குறிக்கும் 'பிப்பலி' என்ற இந்தியச் சொல்லுக்குச் சென்று சேர்கிறது. ஆக, காய் அமெரிக்காவினுடையது. பெயரின் வேர் இந்தியாவினுடையது.

தமிழிலும் இதே முறையில்தான் பெயர் அமைந்தது. போர்ச்சுகீசியர் வழியாக வந்த புதிய காயைத் தமிழர் தாங்கள் முன்பே அறிந்த மிளகோடு ஒப்பிட்டு 'மிளகாய்' என்றனர். இரு நாட்டாரும் புதிய காரத்துக்குப் பழைய காரத்தின் பெயரையே கொடுத்துள்ளனர்.

மிளகாயின் வருகை

1526இல் மொஹாச் போரில் ஹங்கேரிய அரசு ஓட்டோமான் துருக்கியரிடம் தோற்றது. 1541 முதல் 1686 வரை தலைநகர் புடா துருக்கியரின் கையில் இருந்தது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பாவுக்கு வந்திருந்த மிளகாய், ஓட்டோமான் பேரரசின் வணிகப் பாதைகளிலும் பால்கன் பகுதி மக்களின் தோட்டங்களிலும் பரவி ஹங்கேரியை அடைந்தது. அதனால் தொடக்கத்தில் அதற்குத் 'துருக்கி மிளகு' என்றே பெயர்.

பிரபுக்கள் அதை முதலில் அழகுச்செடியாக வளர்த்தனர். உணவில் அதிகம் சேர்த்தவர்கள் உழவரும் மேய்ப்பரும் மீனவரும்தான். கடல் கடந்து வரும் கருமிளகு அவர்களுக்கு எட்டாத விலையில் இருந்தது. மிளகாயோ வீட்டுக் கொல்லையில் விளைந்தது. நெப்போலியன் 1806இல் பிரிட்டனுக்கு எதிராக அறிவித்த வணிகத் தடையால் ஐரோப்பாவில் மிளகு வரத்து குறைந்தபோது, வசதி படைத்தோரின் சமையலறைகளிலும் மிளகாய்க்கு இடம் கிடைத்தது.

மேய்ப்பரின் கொப்பரை

ஹங்கேரியச் சமவெளியில் மாடு மேய்த்தவர்கள், நெருப்பின் மேல் தொங்கவிட்ட கொப்பரையில் கொழுப்பு, வெங்காயம், இறைச்சி ஆகியவற்றை வேகவைத்து உண்டனர். பிற்காலத்தில் அதில் மிளகாய்த்தூள் சேர்ந்தது. இதுவே 'குயாஷ்' எனப்படும் உணவின் தொடக்கம்.

இந்த எளிய உணவு மேல்தட்டினரின் மேசைக்கு ஏறியதற்கு அரசியல் காரணம் உண்டு. ஹாப்ஸ்பர்க் பேரரசர் இரண்டாம் ஜோசப் 1784இல் ஹங்கேரியின் ஆட்சிமொழியாக ஜெர்மனைத் திணித்தார். ஹங்கேரியப் பிரபுக்கள் அதை எதிர்த்தனர். தாய்மொழி, மரபு உடை ஆகியவற்றோடு, தாங்கள் அதுவரை பொருட்படுத்தாத குடியானவர் உணவையும் தனி அடையாளமாக முன்னிறுத்தினர். வியன்னாவின் சமையலிலிருந்து தங்களைப் பிரித்துக் காட்ட அவர்களுக்குக் கிடைத்த தெளிவான அடையாளம் மிளகாயின் சிவப்பு.

காலப்போக்கில் இக்குடும்பத்து உணவுகள் நான்காக வகைப்பட்டன. நீர்த்த சாறுடையது குயாஷ். சாறு சுண்டிக் கெட்டியானது பொர்கொல்ட். இறைச்சியை நீளவாக்கில் நறுக்கிச் சமைப்பது தோகாஞ். புளித்த பாலேடு சேர்வது பாப்ரிக்காஷ். முதல் மூன்றிலும் பெரும்பாலும் மாடு, ஆடு, பன்றி இறைச்சிகள் இடம்பெறும். பாப்ரிக்காஷுக்கு உரியது கோழி, கன்று போன்ற மென்மையான இறைச்சி. மேய்ச்சல் நிலத்தின் கொப்பரையும் பால்மாடு நிற்கும் வீட்டின் சமையலறையும் சந்தித்த இடம் அது.

பண்ணைக்கோழி பெருகாத காலத்தில் கோழி அன்றாட உணவாக இருக்கவில்லை. வசந்தத்தில் பொரித்த குஞ்சுகள் கோடையில் பருவமடையும். முட்டையிடாத சேவல்கள் குழம்புக்குச் செல்லும். ஆகவே இது ஞாயிற்றுக்கிழமைக்கும் விருந்தாளிக்கும் உரிய உணவாக இருந்தது.

காரம் நீக்கியவர்கள்

தொடக்ககால ஹங்கேரிய மிளகாய்த்தூள் கடும் காரமுடையது. இன்றைய குழம்பில் கரண்டிக் கணக்கில் தூளைக் கொட்ட முடிவதற்குக் காரணம், காரத்தை நீக்கும் முயற்சிகள்தான். மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின், விதைகளைத் தாங்கும் வெண்ணிறத் தசையில்தான் மிகுதியாக உள்ளது. திசா ஆற்றங்கரையில் உள்ள செகெட் நகரின் பால்ஃபி சகோதரர்கள், அந்தத் தசையையும் விதையையும் அகற்றிவிட்டு அரைக்கும் முறையை 1859இல் உருவாக்கினர். நிறமும் மணமும் தங்கின, காரம் தணிந்தது.

இதற்குப் பின்னால் பெரும் கையுழைப்பு இருந்தது. அறுவடையான மிளகாயை மாலையாகக் கோத்து வீட்டுச் சுவர்களில் உலர்த்துவார்கள். பின்னர் பெண்கள் ஒன்றுகூடி அமர்ந்து, ஒவ்வொரு காயாகக் கீறி உட்தசையைப் பிரித்தெடுப்பார்கள். உண்பவர் நாவுக்கு எரிச்சல் இல்லாமற்போனது. அந்த எரிச்சல் இவர்களின் விரல்களுக்குச் சென்றது. 20ஆம் நூற்றாண்டில், இயல்பிலேயே காரமற்ற மிளகாய் வகைகள் வளர்த்தெடுக்கப்பட்ட பிறகே இந்த வேலை தேவையற்றதாயிற்று. செகெட் நகரமும் டான்யூப் ஆற்றை ஒட்டிய கலோச்சா நகரமும் இன்றும் இத்தூளுக்குப் பெயர்பெற்றவை.

சமைக்கும் முறை

அடிகனமான பாத்திரத்தில் பன்றிக்கொழுப்பை உருக்கி, பொடியாக நறுக்கிய வெங்காயத்தை நிறம் மாறாமல் கண்ணாடிபோல் ஆகும்வரை வதக்குவது முதல் படி. அடுத்து, பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கிய பின்னரே மிளகாய்த்தூளைச் சேர்ப்பார்கள். இந்தத் தூளில் சர்க்கரை மிகுதி. நெருப்பின் மேல் போட்டால் நொடியில் கருகிக் கசக்கும். அதன் நிறப்பொருள்கள் கொழுப்பில் கரைபவை என்பதால், நீருக்கு முன் கொழுப்பில் சேர்ந்தால்தான் சிவப்பு முழுமையாக இறங்கும்.

உடனே கோழித்துண்டுகளைப் புரட்டி, சிறிது நீர் ஊற்றி, மூடி, சிறுதீயில் வேகவைப்பார்கள். தக்காளியும் பச்சைக் குடைமிளகாயும் சேர்ப்பது பிற்கால வழக்கம். கோழி வெந்ததும், கோதுமை மாவு கலந்த புளித்த பாலேட்டில் சிறிது சூடான குழம்பை ஊற்றிக் கலக்கி, பிறகு பாத்திரத்தில் சேர்ப்பார்கள். மாவு இல்லாமல் நேரடியாகக் கொதியில் ஊற்றினால் பாலேடு திரிந்துவிடும். முட்டையும் மாவும் பிசைந்து கொதிநீரில் உதிர்த்தெடுக்கும் 'நோகெட்லி' என்ற சிறு உருண்டைகள் இதற்குத் துணை.

ஹங்கேரிய யூதரின் வீடுகளில் இக்குழம்பு வேறு வடிவம் கொண்டது. யூத உணவு விதிகள் பன்றியை விலக்குவதோடு, இறைச்சியையும் பாலையும் சேர்த்து உண்பதையும் தடுக்கின்றன. அங்கே பன்றிக்கொழுப்புக்குப் பதில் வாத்து அல்லது கோழிக் கொழுப்பு சேர்ந்தது, பாலேடு நீங்கியது. பெயர் மட்டும் மாறவில்லை.

எல்லை கடந்த குழம்பு

பிராம் ஸ்டோக்கர் எழுதிய 'டிராகுலா' நாவல் 1897இல் வெளிவந்தது. அதன் தொடக்கத்தில் ஆங்கில இளைஞன் ஒருவன் க்ளாசன்பர்க் நகரில் மிளகாய் சேர்த்த கோழியை உண்கிறான், தாகத்தால் தவிக்கிறான், ஆனாலும் செய்முறையைக் கேட்டு வாங்க நினைக்கிறான். அது தேசிய உணவு என்று பணியாள் அவனுக்குச் சொல்கிறான். ஒரு நூற்றாண்டுக்கு முன் குடியானவரின் பண்டமாக இருந்தது, அதற்குள் வெளிநாட்டவரும் அறிந்த அடையாளமாகிவிட்டது. கோலொஷ்வார் என ஹங்கேரியர் அழைக்கும் அந்நகரம் இன்று ருமேனியாவின் க்ளூஜ். 1920இன் திரியனான் ஒப்பந்தத்தால் ஹங்கேரி தன் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கை இழந்தது. எல்லைகள் நகர்ந்தன, அந்த ஊர்களின் ஹங்கேரிய வீடுகளில் குழம்பு தொடர்ந்தது. 1956 புரட்சி ஒடுக்கப்பட்டபின் வெளியேறிய சுமார் 2 லட்சம் பேரோடு அது மேலும் பல நாடுகளுக்குச் சென்றது.

மிளகாய் அறிவியலுக்கும் ஒரு வழி திறந்தது. செகெட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆல்பர்ட் சென்ட்-ஜியோர்ஜி, வைட்டமின் சி-யைப் போதிய அளவில் பிரித்தெடுக்க வழி தேடிக்கொண்டிருந்தார். 1930களின் தொடக்கத்தில் ஒருநாள் மனைவி இரவு உணவில் வைத்த மிளகாயை உண்ண விரும்பாமல், அதை ஆய்வகத்துக்கு எடுத்துச் சென்றதாக அவரே பின்னர் கூறியுள்ளார். அதில் வைட்டமின் சி நிறைந்திருந்தது. 1937இல் அவருக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

வரலாற்று இடம்

தேசிய உணவுகள் பெரும்பாலும் தொன்மையானவை என்று கருதப்படுகின்றன. பாப்ரிக்காஷ் சிர்கெ அக்கருத்தை மறுக்கும் சான்று. காய் அமெரிக்காவினுடையது, அது வந்த வழி ஓட்டோமான் பேரரசினுடையது, பெயர் ஸ்லாவியருடையது, அதைப் பெருமைப்படுத்தியது வியன்னாவுக்கு எதிரான அரசியல். இவற்றை ஒரே பாத்திரத்தில் சேர்த்துத் தமதாக்கியவர்கள் பெயர் அறியப்படாத வீட்டுப் பெண்கள். ஓர் உணவு எங்கிருந்து வந்தது என்பதைவிட, வந்ததை ஒரு மக்கள் என்ன செய்தார்கள் என்பதே அதை அவர்களுடையதாக்குகிறது.