சீட்டு ஒன்று, கணக்கு இரண்டு

தீபாவளிக்கு முதல் நாள் விடிய விடிய ரம்மி ஆடும் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். பாயிண்ட் ரம்மியில் ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் புள்ளிக்கு இவ்வளவு என்று காசு கைமாறும். 201 ரம்மியில் முதலிலேயே ஒரு தொகையைக் கட்டிவிட்டு உட்கார வேண்டும். 201 புள்ளியைத் தொட்டவர் அவுட், கடைசியில் மிஞ்சுபவருக்கு மொத்தமும். அமெரிக்காவில் போக்கர் பெரிதாக வளர்ந்த கதையும் இந்த மாதிரி ஒரு மாற்றத்தில்தான் ஆரம்பிக்கிறது.

1970ல் லாஸ் வேகஸில் பென்னி பினியன் என்பவர் தன்னுடைய ஹார்ஸ்ஷூ சூதாட்ட விடுதிக்குப் பெரிய பெரிய போக்கர் ஆட்டக்காரர்களை அழைத்தார். 'உலகப் போக்கர் தொடர்' என்று பெயர். ஆடியதெல்லாம் காசு ஆட்டம், அதாவது சிப் என்றால் பணம். தோற்றால் பையிலிருந்து இன்னும் எடுக்கலாம், போதும் என்றால் எழுந்து போகலாம். முடிவே இல்லாத ஆட்டத்தில் சாம்பியன் யார் என்று எப்படிச் சொல்வது? ஓட்டுப் போட்டு ஜானி மாஸைத் தேர்ந்தெடுத்தார்கள் :-)

1971ல் முறையை மாற்றினார்கள். ஆளுக்கு 5,000 டாலர் கட்ட வேண்டும், சிப் தீர்ந்தால் வெளியே. மறுபடியும் மாஸ்தான் ஜெயித்தார், ஆனால் இந்த முறை ஓட்டு தேவைப்படவில்லை. 1972ல் நுழைவுத் தொகை 10,000 டாலர் ஆனது.

காசு ஆட்டக்காரர்களுக்கு இது புதுக் கணக்கு. அங்கே நல்ல சீட்டு வரும்வரை பொறுமையாக உட்கார்ந்திருக்கலாம். டோர்னமென்டில் கட்டாயப் பந்தயத் தொகை நேரம் ஆக ஆக ஏறிக்கொண்டே போகும், சும்மா உட்கார்ந்திருந்தாலே சிப் கரைந்துவிடும். 1978ல் இன்னொரு மாற்றம். அதுவரை ஜெயித்தவருக்கே எல்லாம் என்றிருந்த பரிசை முதல் சில இடங்களுக்குப் பிரித்தார்கள். அந்த வருடம் 42 பேர் கட்டிய 4,20,000 டாலரில், எல்லாச் சிப்பையும் வாரிய பாபி பால்ட்வினுக்குக் கிடைத்தது பாதி, 2,10,000. ஆக சிப் இரட்டிப்பானால் அதன் மதிப்பும் இரட்டிப்பாகும் என்பது இல்லை. ஜெயிப்பதைவிடத் தாக்குப்பிடிப்பது முக்கியமாகிப் போனது.

கூட்டத்தைக் கூட்டியது எரிக் டிராச்சேயின் யோசனை. 10 பேர் ஆளுக்கு 1,000 டாலர் போட்டு ஆடினால், ஜெயித்தவருக்குப் பெரிய போட்டியில் 10,000 டாலர் இடம். இதுவே பின்னால் இணையத்துக்கும் வந்தது. 2003ல் டென்னசி மாநிலக் கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர் (நிஜப் பெயரேதான்!) இணையத்தில் 86 டாலர் கட்டி அப்படி ஓர் இடம் பிடித்து, 839 பேரில் முதலாவதாக வந்து 25 லட்சம் டாலர் வென்றார். 2006ல் வந்தவர்கள் 8,773 பேர்!

86 டாலர் 25 லட்சம் ஆன கதை எல்லோருக்கும் தெரியும். மீதி 838 பேரில் எத்தனை பேர் பெயர் நமக்குத் தெரியும்?

டோர்னமென்டில் ஒரு நல்ல விஷயம் உண்டு. கட்டிய தொகைக்கு மேல் ஒரு பைசா போகாது. ஆனால் அது ஒரு போட்டிக்கு மட்டும்தான். வேகஸில் தோற்றவர் ஊருக்குத் திரும்பி அடுத்த வருடம்தான் அந்தப் பெரிய போட்டிக்கு வர முடியும். கைபேசியில் அடுத்த போட்டி அடுத்த நிமிடமே தொடங்கிவிடும். அப்புறம் அதுவும் முடிவில்லாத காசு ஆட்டம்தானே?

இந்தியாவில் 2025 ஆகஸ்டில் நிறைவேறிய சட்டம், திறமை ஆட்டமா அதிர்ஷ்ட ஆட்டமா என்றெல்லாம் பார்க்காமல், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்தது. ஆனால் வேலைக்காக வெளியூரில் தனி அறையில் இருக்கும் நம் பிள்ளைகளுக்குச் சட்டம் மட்டும் போதாது. "எவ்வளவு தோத்தே?" என்று கேட்டால் ஒரு ஆட்டத்தின் கணக்கைத்தான் சொல்வார்கள். "இந்த மாசம் எத்தனை தடவை கட்டினே?" என்று கேட்டுப் பாருங்கள்.