செக் லைட்டும் அண்ணாச்சியின் காதும்

எழுபதுகளில் ராஜபாளையத்தில் கார் என்றால் பெரும்பாலும் அம்பாசிடர்தான். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டை அடியொற்றி வந்த அந்த வண்டி அடிக்கடி மக்கர் பண்ணும். ஆனால் கோளாறைக் கண்ணால் பார்க்கலாம். பாயிண்ட் கரிந்திருக்கும், கார்ப்பரேட்டரில் தூசி அடைத்திருக்கும். கோடையில் பெட்ரோல் பம்ப் சூடேறி நின்றுவிட்டால், ஈரத்துணியைச் சுற்றிவிட்டுக் காத்திருப்போம்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 2000 ஏப்ரலில் யூரோ 1-க்கு இணையான புகை விதி நாடெங்கும் அமலானது. விதிகள் இறுக இறுக, கார்ப்பரேட்டர் போய், கம்ப்யூட்டர் பெட்ரோலை அளந்து விடும் எம்.பி.எஃப்.ஐ. இன்ஜின் நிலைத்தது. காலையில் சோக்கை இழுக்கும் வேலை ஒழிந்தது. அம்பாசிடர், மாருதி 800 இரண்டுமே 2014-ல் நின்றன.

அமெரிக்காவில் 1996 முதலே எல்லாக் கார்களுக்கும் ஒரே மாதிரி ஸ்கேனர் பிளக் கட்டாயம். நம் நாட்டில் ஓ.பி.டி. முதல் கட்டம் 2010-லும் இரண்டாம் கட்டம் 2013-லும்தான் வந்தன. இடைப்பட்ட காலத்து வண்டிகளில் கம்ப்யூட்டர் இருந்தும், கம்பெனிக்கு ஒரு ஸ்கேனர் தேவைப்பட்டது.

என் கார் அந்த ரகம், 2006-ல் வாங்கியது. ஒருமுறை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளைச் சேவித்துவிட்டுத் திரும்பும்போது செக் லைட் எரிந்தது. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரத்தில், வேகம் குறைத்த இடமெல்லாம் இன்ஜின் அணைந்தது. ஒரு பட்டறையில் ஸ்கேனர் மாட்டி, ஆக்ஸிஜன் சென்சார் போய்விட்டது என்று மாற்றினார்கள். ஒரு மாத பென்ஷனில் கணிசமான பகுதி போனது. மூன்றாம் நாள் மறுபடி செக் லைட்.

பழைய அம்பாசிடர் மெக்கானிக் அண்ணாச்சியிடம் போனேன். பானெட்டைத் திறந்து ஒரு நிமிடம் காது கொடுத்தார். ஒரு ரப்பர் ஹோஸை விரலால் அழுத்தியதும் இன்ஜின் சீரானது.

“ஹோஸ் வெடிச்சிருக்கு சார். காத்து கூடுதலா உள்ள போகுது. சென்சார் அதைத்தான் சொல்லியிருக்கு.”

ஸ்கேனர் பொய் சொல்லவில்லை. புகார் கொடுத்தவனையே குற்றவாளி என்று பிடித்தது நாங்கள்தான். ஜுரத்துக்குத் தெர்மாமீட்டரை மாற்றிய கதை.

என்னைப் போலப் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: சென்சாரை மாற்றச் சொன்னால், முதலில் ஹோஸ், ஒயர் கனெக்ஷன், பேட்டரி எர்த் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.