பேற்றறைக்குள் சென்ற நூல்

பிள்ளைப்பேறு பெண்டிர்க்கே உரியது என்பது நம் பழைய வழக்கு. கிள்ளான் வட்டாரத் தோட்ட லயங்களிலும் மருத்துவச்சியே துணையாக இருந்தாள். ஆடவர் வாசலில் நின்றனர். அவ்வாறிருக்க, ஆடவர் சிலர் மகப்பேற்று மருத்துவத்தைத் தேர்ந்தெடுத்தது ஏன்? அவர்தம் செயல்களே விடை கூறுகின்றன.

1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிரீன். மானிப்பாயில் எல்லா நோய்க்கும் மருந்தளித்த அவர், மகப்பேறு ஒன்றையே தொழிலாகக் கொண்டவரல்லர். எனினும் மோன்செல் என்பார் எழுதிய பிரசவ நூலைத் தமிழாக்கி 1857இல் வெளியிட்டார். பின்னாளில் மாணவர்க்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அறுபதுக்கு மேற்பட்டோர் அவரிடம் பயின்று மருத்துவராயினர். அயல்நாட்டு ஆடவர் நுழைய இயலாத வீட்டினுள்ளும் தமிழ் நூலின் அறிவு நுழையக்கூடும் அன்றோ?

அவ்வறிவு எட்டாத வீடுகளில் நேர்ந்தது கொடிது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், திண்டிவனத்தில் ஓர் இரவு, பேற்றுத் துன்பத்தில் தவித்த மனைவியரைக் காக்க வேண்டி மூவர் ஒருவர்பின் ஒருவராக ஐடா ஸ்கடர் என்னும் இளம்பெண்ணை நாடி வந்தனர். அவரோ அன்று மருத்துவம் பயிலாதவர். மருத்துவரான தம் தந்தையை அழைத்துச் செல்லுமாறு வேண்டினார். ஆடவர் தொடலாகாது என்று மூவரும் மறுத்துத் திரும்பினர். விடிவதற்குள் மூன்று தாய்மாரும் மாண்டனர். அத்துயரே ஐடாவை மருத்துவராக்கிற்று. 1918இல் வேலூரில் பெண்களுக்கென மருத்துவப் பள்ளியும் கண்டது.

அப்படியாயின் ஆடவர் இத்துறையினின்று விலகுவதே முறையோ? அன்று. ஆர்க்காடு இலட்சுமணசாமி முதலியாரை (1887–1974) நோக்குக. 1844இல் தோன்றிய சென்னை எழும்பூர் மகளிர் மருத்துவமனைக்கு முதல் இந்தியக் கண்காணிப்பாளராக விளங்கியவர் அவர். 1938இல் அவர் வெளியிட்ட மகப்பேற்றியல் நூல், மேனனின் பெயரும் சேர்ந்து, திருத்திய பதிப்புகளாக இன்றும் வழங்குகிறது. ஒருவர் தம் கையால் காக்கும் தாய்மார் சிலராயிரவர். நூலால் காப்பவர்க்குக் கணக்கில்லை.

கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் மகப்பேற்றியல் பேராசிரியராயிருந்த டி. ஏ. சின்னத்துரை அவர்களும் இத்துறையை மாணவர்க்குக் கற்பித்தவரே. அவரிடம் பயின்றோருள் ஆண்களும் உண்டு, பெண்களும் உண்டு.

தாமே அறையினுள் நிற்க வேண்டும் என்பது இவர்தம் நோக்கமாயின், இவ்வளவு எழுதியும் கற்பித்தும் இரார். அறிவின்மையால் தாய் சாகலாகாது என்பதே இவர்களை ஈர்த்தது எனக் கொள்ளலாம். ஆண்பிள்ளை ஒருவன் ‘நான் மகப்பேற்று மருத்துவன் ஆவேன்’ என்றால் நகைப்போர் இன்றும் உளர். அவ்வகுப்பில் நிற்கும் ஆசிரியர், திண்டிவனத்து இரவை எடுத்துச் சொல்வாராக.