6 லட்சம் பட்ஜெட்டில் பழைய பெர்ஃபார்மன்ஸ் கார்: சித்தூர், திருப்பதியில் வாங்குவோர் கவனிக்க வேண்டியது என்ன?

சித்தூரில் வீடு, திருப்பதியிலோ ஸ்ரீசிட்டியிலோ வேலை. மாதம் இரண்டு முறை பெங்களூரு அல்லது சென்னை. ஈஎம்ஐ வேண்டாம். ஆனால் ஓட்டினால் ஒரு சந்தோஷம் இருக்கணும், கியரை நானே போடணும். கையில் 6 லட்சம் இருக்கு. என்ன கார் வாங்கலாம்?

இப்படிக் கேட்டால் உடனே ஒரு பவர் பட்டியல் கைக்கு வரும். இது 110 பிஎஸ், அது 145 பிஎஸ் என்று. அந்தப் பட்டியலும் முக்கியம்தான், கீழே வருகிறது. ஆனால் மூன்று மாநிலங்கள் சந்திக்கும் இந்த மூலையில் பலருடைய பட்ஜெட் உடைவது இன்ஜினில் அல்ல, நம்பர் பிளேட்டில்.

கேஏ, டிஎன், ஏபி: எந்த நம்பர் மலிவு?

சித்தூரிலிருந்து பெங்களூரு சுமார் 180 கி.மீ., சென்னை சுமார் 150 கி.மீ. நல்ல மேனுவல் டர்போ கார்கள் அதிகம் விற்பனைக்கு வருவது இந்த இரண்டு நகரங்களில்தான். அங்கே பார்த்த கார், இங்கே பார்த்ததைவிட 40,000 ரூபாய் குறைவு என்று வைத்துக்கொள்வோம். உடனே கிளம்பிவிடாதீர்கள்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-வது பிரிவுப்படி, ஒரு மாநிலத்தில் பதிவான வாகனத்தை இன்னொரு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். மறுபதிவு என்றால் ஆந்திராவுக்கு வாழ்நாள் வரி. காரின் வயதுக்கு ஏற்ப வரி குறையும் என்றாலும், 5 வயதுக் காருக்கு அது சின்னத் தொகையாக இருக்காது. பழைய மாநிலத்தில் கட்டிய வரியில் மீதியைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் அதற்குத் தனி விண்ணப்பம், தனி அலைச்சல். வந்தால் லாபம் என்று வைத்துக்கொள்ளுங்கள், பட்ஜெட்டில் சேர்க்காதீர்கள்.

இதோடு பழைய ஆர்டிஓவின் என்ஓசியும் (படிவம் 28) வேண்டும். கார் லோனில் வாங்கப்பட்டிருந்தால் வங்கியின் கடிதமும் படிவம் 35-ம் சேரும். நிலுவையில் அபராதச் சலான் இருந்தால் என்ஓசி நகராது.

ஆகவே வெளிமாநிலக் காருக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன், மாடல், வாங்கிய தேதி, அன்றைய இன்வாய்ஸ் விலை மூன்றையும் எடுத்துக்கொண்டு உங்கள் ஆர்டிஓ அலுவலகத்தில் வரி எவ்வளவு வரும் என்று கேட்டுவிடுங்கள். அந்தத் தொகையைக் கூட்டிய பிறகும் மலிவாக இருந்தால்தான் அது மலிவு.

டெல்லி நம்பர் கார்களும் தெற்கே வருகின்றன. டெல்லி சுற்றுவட்டாரத்தில் 10 ஆண்டு தாண்டிய டீசல், 15 ஆண்டு தாண்டிய பெட்ரோல் வண்டிகளுக்கு நெருக்கடி இருப்பதால், விலையைப் பார்த்தால் ஆசை வரும். அதே மறுபதிவுக் கணக்கு அதற்கும் உண்டு. இன்னும் நீண்ட பயணத்தோடு.

உள்ளூர் நம்பரில் ஒரு சின்னக் குறிப்பு. ஏபி-03 என்றால் பழைய சித்தூர் மாவட்டப் பதிவு. 2019-ல் ஆந்திரா முழுமைக்கும் ஏபி-39 என்ற பொது வரிசை வந்துவிட்டது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானது. எனவே ஏபி-39 காரின் பிளேட்டை மட்டும் பார்த்து அது எந்த ஊரில் ஓடியது என்று சொல்ல முடியாது. ஆர்சியைத்தான் பார்க்க வேண்டும்.

சரி, எந்தக் கார்?

தமிழர்களுக்குக் கொஞ்சம் பெருமையான காரிலிருந்தே தொடங்கலாம். டாடா டியாகோ ஜேடிபி. ஜே என்பது ஜெயம். கோவையின் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாடா மோட்டார்ஸும் கூட்டாகச் செய்த கார் இது. 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல், 114 பிஎஸ், 150 என்எம், 5 கியர் மேனுவல். 2018 அக்டோபரில் வந்தபோது ஷோரூம் விலை 6.39 லட்சம். 2020-ல் பிஎஸ்-6 விதி வந்தபோது நிறுத்தப்பட்டது. இதன் தம்பி டிகோர் ஜேடிபி.

ஆசைப்பட வேண்டிய கார்தான். ஆனால் குறைவாக விற்ற காரை வாங்கும்போது ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்: முன் பம்பர் உடைந்தால் எங்கே கிடைக்கும்? ஜேடிபியின் இன்ஜின் நெக்ஸான் குடும்பத்தைச் சேர்ந்தது, அதனால் அந்தப் பக்கம் கவலை குறைவு. பம்பர், கிரில், வீல் போன்ற தனி உதிரிகளுக்குத்தான் தேட வேண்டியிருக்கும். இவை முழுதாக, ஒரிஜினலாக இருக்கும் காரை மட்டும் பாருங்கள்.

இதே கேள்வியில் தோற்றுப்போவது ஃபியட் புன்டோ அபார்த். 1.4 டர்போ, 145 பிஎஸ், 2015-ல் 9.95 லட்சம். பணத்துக்கு இவ்வளவு வேகம் தந்த கார்கள் நம் ஊரில் குறைவு. ஆனால் ஃபியட் 2019-ல் இந்தியாவில் கார் விற்பதையே நிறுத்திவிட்டது. இரண்டாவது காராக, பொறுமையும் நல்ல மெக்கானிக்கும் உள்ளவருக்கு ஓகே. தினமும் ஆபீஸ் போக இருக்கும் ஒரே கார் என்றால், என் பதில் வேண்டாம்.

ஃபோர்டு கார்களை ஓட்டினால் பிடித்துப்போகும். மறைமலை நகரில் தயாரான ஈகோஸ்போர்ட்டின் 1.0 ஈகோபூஸ்ட் 125 பிஎஸ் தரும். ஆனால் அந்த இன்ஜினின் டைமிங் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே ஓடும் வகை. தவறான ஆயில் ஊற்றினாலோ, ஆயில் மாற்றாமல் இழுத்தாலோ பெல்ட் கெடும், கூடவே இன்ஜினும். சர்வீஸ் ரசீது முழுதாக இல்லாத ஈகோபூஸ்ட்டைத் தொடாதீர்கள்.

மாருதி பலேனோ ஆர்எஸ் (2017-ல் வந்தது, 1.0 டர்போ, 102 பிஎஸ்) அவ்வளவு பரபரப்பான கார் இல்லை. ஆனால் பாடி உதிரிகள் பெரும்பாலும் சாதாரண பலேனோவுடையவை, அதனால் சின்ன ஊரில் நிம்மதி. வோக்ஸ்வாகன் போலோவில் கவனம்: பழைய 1.2 ஜிடி டிஎஸ்ஐ ஆட்டோமேட்டிக் மட்டுமே. மேனுவல் வேண்டுமென்றால் 2020-க்குப் பிந்தைய 1.0 டிஎஸ்ஐ (110 பிஎஸ், 6 கியர்) அல்லது ஜிடி டிடிஐ டீசல். பெயரில் ஜிடி இருக்கிறதே என்று கிளம்பிப் போய் ஏமாந்து திரும்பாதீர்கள்.

இந்தப் பட்ஜெட்டில் ஒன்றை மட்டும் சொல்லச் சொன்னால், ஹூண்டாய் கிராண்ட் ஐ10 நியோஸ் டர்போ. 1.0 லிட்டர், 100 பிஎஸ், 172 என்எம், 5 கியர் மேனுவல், 2020-ல் அறிமுகம். பார்த்தால் கால் டாக்ஸி மாதிரிதான் இருக்கும். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அதுவும் ஒரு லாபம்: காட்டுத்தனமாக ஓட்டுபவர்கள் இதை அதிகம் வாங்கவில்லை. தயாராவது சென்னைக்குப் பக்கத்தில், ஸ்ரீபெரும்புதூரில். பிஎஸ்-6 கார் என்பதும் முக்கியம்.

1,000 சிசிக்குக் கீழ் என்பதில் இன்னொரு லாபமும் உண்டு. 2022 ஜூனில் நிர்ணயித்த கட்டணப்படி, தேர்ட் பார்ட்டி பிரீமியம் 1,000 சிசி வரை ஆண்டுக்கு 2,094 ரூபாய். 1,500 வரை 3,416. அதற்கு மேல் 7,897. மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய 1.8 லிட்டர் ஸ்கோடா பக்கம் போகிறவர்கள் இதையும் கணக்கில் வையுங்கள்.

இ20 பெட்ரோல் பிரச்னையா?

20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்தான் இப்போது பங்குகளில் வழக்கம். 2023 ஏப்ரலுக்கு முன் தயாரான கார்களில் பெரும்பாலானவை அதற்காக வடிவமைக்கப்படவில்லை. ஜேடிபி, அபார்த், ஆர்எஸ் எல்லாம் பிஎஸ்-4 காலத்தவை. உடனே நின்றுவிடும் என்று பயப்பட வேண்டாம். மைலேஜ் கொஞ்சம் குறையும், ரப்பர் ஹோஸ், சீல் போன்றவை சீக்கிரம் தேயலாம். வாங்கிய முதல் சர்வீஸிலேயே பெட்ரோல் லைனை முழுதாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஓட்டிப் பார்க்க எங்கே போவது?

திருமலை மலைப்பாதைக்கு வேண்டாம். அங்கே ஏற 28 நிமிடம், இறங்க 40 நிமிடம் என்று குறைந்தபட்ச நேரமே வைத்திருக்கிறார்கள். அதற்கு முன்னால் போய்ச் சேர்ந்தால் அபராதம். எத்தனை பிஎஸ் இருந்தாலும் ஏழுமலையான் முன் எல்லா காரும் ஒன்றுதான்!

ஆனால் அந்தப் பாதையில் அடிக்கடி போய்வந்த கார் என்றால் கேள்வி கேளுங்கள். அலிபிரி சோதனைச் சாவடி வரிசையில் ஊர்ந்து ஊர்ந்து க்ளட்ச் தேய்ந்திருக்கும். இறங்கும்போது கியரில் பிடிக்காமல் பிரேக்கிலேயே வந்திருந்தால் டிஸ்க் வளைந்திருக்கும். நெடுஞ்சாலையில் வேகத்திலிருந்து மெதுவாகப் பிரேக் பிடியுங்கள். ஸ்டியரிங் உதறினால் டிஸ்க்தான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

சித்தூர்க்காரர்களுக்கு பலமநேர் போகும் வழியில் மொகிலி ஏற்றம் இருக்கிறது. விபத்துகள் நடக்கும் இடம், லாரிகள் அதிகம், அதனால் வேகம் பார்க்க அல்ல. ஏற்றத்தில் இழுவை பார்க்க. நான்காவது கியரில் குறைந்த ஆர்பிஎம்மில் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதியுங்கள். ஆர்பிஎம் முள் மட்டும் ஏறி, காரின் வேகம் கூடவில்லை என்றால் க்ளட்ச் வழுக்குகிறது. மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது கரகர சத்தம் வந்தால் கியர்பாக்ஸில் சிங்க்ரோ போய்விட்டது. க்ளட்ச் செலவை விலையில் குறைக்கச் சொல்லலாம். சிங்க்ரோ என்றால் வேறு கார் பாருங்கள்.

ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள்: நீங்கள் போகும்போது இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். "இப்பதான் பெட்ரோல் போட்டுட்டு வந்தேன் சார்" என்றால், ரெண்டு மணி நேரம் கழித்து வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போதுதான் நீலப் புகையும் கட கட சத்தமும் தெரியும். ஓட்டி முடித்து ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு, பிறகு ஆக்ஸிலேட்டர் கொடுங்கள். அப்போதும் நீலப் புகை வந்தால் டர்போ ஆயில் குடிக்கிறது.

ஓபிடி ஸ்கேனர் ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள். எரர் கோட் இல்லை என்பதால் மட்டும் நிம்மதி அடையாதீர்கள். விற்பவர் நேற்றுதான் அழித்திருந்தால், செயலியில் பல சோதனைகள் 'தயாராகவில்லை' என்று காட்டும். அதையும் பாருங்கள். டயர் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கம் தயாரான வாரமும் ஆண்டும்: 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். 40,000 கி.மீ. மட்டுமே ஓடியதாகச் சொல்லும் காரில் நான்கு டயரும் இரண்டாவது செட் என்றால், மீட்டரைச் சந்தேகியுங்கள்.

தண்ணீரில் நின்ற கார், ரீமேப் செய்த கார்

2021 நவம்பர் மழையில் திருப்பதியில் தெருக்களே ஆறாக ஓடியது நினைவிருக்கும். சென்னையில் 2015, 2023 டிசம்பர். பெங்களூருவில் 2022 செப்டம்பர். மூன்று பக்கமிருந்தும் தண்ணீரில் நின்ற கார்கள் நம் சந்தைக்கு வரலாம். சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுங்கள். உள்ளே இருக்கும் பகுதியில் சேற்றுக் கறை தெரியும். சீட் தண்டவாளத்தில் துரு, ஏசி போட்டதும் மக்கிய வாடை, இவையும் தடயங்கள். பழைய பாலிசி எண்ணை வாங்கி, காப்பீட்டு நிறுவனத்தில் க்ளெய்ம் விவரம் கேட்பது இன்னும் நல்லது.

பெர்ஃபார்மன்ஸ் காருக்கே உரிய வம்பு ரீமேப். "ஸ்டேஜ் ஒன் பண்ணியிருக்கு, 30 பிஎஸ் கூட" என்று விற்பவர் அதைச் சிறப்பாகச் சொல்வார். நீங்கள் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளுங்கள். கூடுதல் டார்க் முழுவதும் அதே பழைய க்ளட்ச், அதே கியர்பாக்ஸ் மேல்தான் இறங்கியிருக்கிறது. தயாரிப்பாளரின் அடிப்படை விவரக்குறிப்பிலிருந்து வாகனத்தை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் க்ளெய்மில் தகராறு செய்யவும் வாய்ப்பு உண்டு. ஸ்டாக் நிலையில் இருக்கும் காருக்கு 30,000 கூடக் கொடுத்தாலும் தப்பில்லை.

பேரமும் பேப்பரும்

விற்பவர் தான் வாங்கிய விலையிலிருந்து பேச ஆரம்பிப்பார். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது, செஸ்ஸும் போய்விட்டது. ஆகவே பழைய ஆன்ரோடு விலையை ஒப்பிடாதீர்கள். அதே அளவுப் புதுக் கார் இன்று என்ன விலை என்பதிலிருந்து பேசுங்கள். 6 லட்சத்தில் காருக்கு 5 லட்சம் போதும். மீதி ஒரு லட்சம் வரி, இன்சூரன்ஸ், டயர், க்ளட்ச் என்று முதல் ஆறு மாதத்திலேயே போகக்கூடிய பணம்.

எம்பரிவாகன் செயலியில் நம்பரைப் போட்டு இன்சூரன்ஸ் தேதி, லோன் விவரம், சலான் எல்லாம் பார்த்துவிடுங்கள். படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கிய பிறகே முழுப் பணம். பெயர் மாற்றத்துக்கு வாங்குபவருக்கு 30 நாள் அவகாசம். இன்சூரன்ஸை மாற்ற 14 நாள். விற்பவரின் நோ க்ளெய்ம் போனஸ் அவருடையது, காரோடு உங்களுக்கு வராது.

பெயர் மாற்றத்தில் அதிக அவசரம் விற்பவருக்குத்தான் இருக்க வேண்டும். காரை விற்றுவிட்டாலும் ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இதைச் சொல்லிப் பாருங்கள், "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்றவரும் அன்றைக்கே ஆர்டிஓ அலுவலகம் வருவார். டீலரிடம் வாங்கினால், 2023 ஏப்ரல் முதல் பழைய வாகன டீலர்களுக்கு ஆர்டிஓ அங்கீகாரச் சான்று கட்டாயம். அதைக் காட்டச் சொல்லுங்கள்.

சாவி கைமாறும்போது ஒரு தாளில் தேதி மட்டுமல்ல, மணி நிமிடம் வரை எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். ஓடோமீட்டர் அளவையும் எழுதி, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். காலை 10 மணிக்கு ஸ்பீடு கேமராவில் விழுந்தது அவரா, நீங்களா என்ற பேச்சு மூன்று வாரம் கழித்து வரும்போது அந்தத் தாள் வேண்டியிருக்கும்.