குதிரை ஓடிய தூரம்

எங்கள் பக்கத்து அய்யனார் கோவில்களில் மண்குதிரை நாலு காலையும் ஊன்றி நிற்கும். நாயக்கர் காலத்துக் கல்தூணில் அதுவே முன்னங்கால்களைத் தூக்கி எழும்பும். ஊர் விட்டு ஊர் போகிற நடை இரண்டும் இல்லை. அதற்கு ‘டிராட்’ வேண்டும். சிற்பிகளுக்கு அந்த நடை ஏனோ பிடிக்கவில்லை.

கால்நடை மருத்துவம் படித்த காலத்தில் என்.சி.சி. குதிரைப் பிரிவில் அதைக் கற்றுக்கொண்டேன். இடது பின்காலும் வலது முன்காலும் சேர்ந்து விழும். அடுத்து மற்ற ஜோடி. ஒவ்வொரு விழுகைக்கும் சேணம் நம்மைத் தூக்கி அடிக்கும். அதனால் அங்கவடியில் காலை ஊன்றி, ஒரு ஜோடிக்கு எழுந்து அடுத்த ஜோடிக்கு உட்கார வேண்டும். தொலைதூரம் போகும்போது எப்போதும் ஒரே ஜோடிக்கு உட்கார்ந்தால் குதிரையின் முதுகில் ஒரு பக்கமே அடி வாங்கும். கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை ஒரு தாளம் கூடுதலாக உட்கார்ந்து ஜோடியை மாற்றிக்கொள்வோம். பழநிக்கு நடக்கும் நகரத்தார் காவடியைத் தோள் மாற்றுகிற கணக்குதான்.

ஐரோப்பாவில் தபால் வண்டிக் குதிரைகளின் மேல் நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்டியவர்கள் இடுப்பைக் காப்பாற்றிக்கொள்ளக் கண்ட வழிதான் இந்த எழுந்து உட்காரும் முறை. பட்டாளத்துக்காரர்கள் வெகுகாலம் இதைக் கௌரவக் குறைவாகவே நினைத்தார்கள். கத்தியவார், மார்வார் குதிரைகளுக்கு இந்தத் தொல்லை குறைவு. ஒரு பக்கத்துக் கால்கள் இரண்டும் சேர்ந்து போகும் ‘ரேவால்’ நடை அவற்றுக்கு உண்டு. மேலே இருப்பவர் அசையாமல் உட்காரலாம்.

எங்கள் பாண்டிய நாட்டுக்கோ குதிரை கடல் வழியாக வந்தது. மாணிக்கவாசகர் குதிரை வாங்கப் போய்த் திருப்பெருந்துறையில் தங்கிவிட்ட கதை எல்லாருக்கும் தெரியும். அந்த ஆவுடையார்கோவில், காரைக்குடியிலிருந்து அறந்தாங்கி வழியாகப் போனால் வந்துவிடும். கதையை விடக் கணக்கு எனக்குப் பிடிக்கும். கீஷ் தீவு வணிகர் ஜமாலுத்தீன் ஆண்டுக்கு 1,400 குதிரை அனுப்ப ஒப்பந்தம். ஒன்றுக்கு 220 செம்பொன் தினார். வழியில் செத்தாலும் விலை உண்டு என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதியிருக்கிறார். வாங்கிய குதிரைகளில் பெரும்பாலானவை ஆண்டு முடிவதற்குள் செத்துப்போனதாக 13-ஆம் நூற்றாண்டில் வந்த மார்க்கோ போலோ சொல்கிறார். லாடம் அடிக்க ஆள் இல்லை. தீனியோ சோறும் வேகவைத்த இறைச்சியும்! படித்ததும் எனக்கு மருந்துப் பெட்டியைத் தேடத் தோன்றியது. மாவுச்சத்தை அள்ளிப் போட்டால் குளம்பு அழன்று நொண்டும், வயிறு உப்பிச் சூலை பிடிக்கும். விலையைப் பேரம் பேசியவர்கள் வைக்கோலைப் பற்றியும் இரண்டு வார்த்தை கேட்டிருக்கலாம்.

சிவகங்கைச் சீமையில் குதிரை என்றாலே ராணி வேலு நாச்சியார்தான். 1772-இல் காளையார்கோவிலில் கணவர் முத்து வடுகநாதர் வீழ்ந்தபின், அவர் திண்டுக்கல் பக்கம் விருப்பாட்சிக்குப் போய்ச் சேர்ந்தார். இடையில் நூறு கிலோமீட்டருக்கு மேல். சுவரொட்டிகளில் ராணி நாலுகால் பாய்ச்சலில் பறக்கிறார். முழுப் பாய்ச்சலில் எந்தக் குதிரையும் சில கிலோமீட்டரில் மூச்சு வாங்கிவிடும். இவ்வளவு தூரத்துக்கு நடையும் டிராட்டும்தான் கைகொடுக்கும். நடுவில் தண்ணீர் காட்ட வேண்டும், சேணத்தைத் தளர்த்த வேண்டும். இதையெல்லாம் சுவரொட்டியில் வரைந்தால் யார் நின்று பார்ப்பார்கள்?