சார் இல்லையா?

பாம்பனில் அம்மா வீட்டு மிக்ஸி சென்ற ஆண்டு பழுதானது. சர்வீஸ் ஆள் வாசலில் நின்றே கேட்டார்: "சார் இல்லையா?" அப்பா இறந்து பல வருடங்களாகின்றன. "நான்தாம்ப்பா அரைக்கிறேன், என்கிட்ட கேளு. ஜார் வைக்காம ஓட்டினாலும் அடியில உரசுற சத்தம் கேக்குது" என்றாள் அம்மா. அவர் ஜாரின் பிளேடை மாற்றிவிட்டுப் போனார். அடுத்து வந்தவர் கப்ளரை மாற்றினார். மூன்றாமவர் வந்த அன்று கல்லூரிக்கு விடுப்பு சொல்லிவிட்டு நானும் போயிருந்தேன். அவர் என்னையும் அம்மாவையும் தாண்டி, விடுமுறைக்கு வந்திருந்த தம்பியிடம் விளக்கினார்: "லேடீஸ் ஓவர்லோடு போட்டுடுறாங்க சார்."

இந்திய மிக்ஸியின் வரலாறே ஒரு ரிப்பேரில்தான் தொடங்குகிறது. பம்பாயில் மாதுரி மாத்தூர் வைத்திருந்த ஜெர்மன் மிக்ஸி பழுதானது. சரிசெய்ய இங்கே வழியில்லை. ஐரோப்பியச் சமையலறையை மனத்தில் வைத்துச் செய்த மோட்டார் அது. ஊறவைத்த உளுந்துக்கும் காய்ந்த மஞ்சளுக்கும் தாங்குமா? கணவர் சத்திய பிரகாஷ் மாத்தூர் சீமென்ஸ் நிறுவனப் பொறியாளர். நம் அரைப்பைத் தாங்கும் மோட்டாரோடு அவர் 1963இல் உருவாக்கியதுதான் 'சுமீத்'. கண்டுபிடித்தவர் என்று அவர் பெயர் நிற்கிறது. மாதுரி வருவது, மனைவியின் மிக்ஸி பழுதானது என்ற ஒற்றை வரியில். அந்த மோட்டார் எதற்குத் திணறியது என்று நாள்தோறும் கேட்டது யார் காது?

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தைத் தொடங்கியது. அம்மிக்குக் குனிந்த முதுகுகள் நிமிர்ந்தன. அதை நான் சிறுமை செய்ய மாட்டேன். ஆனால் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் அமெரிக்க வீடுகளைப் பற்றி எழுதிய நூலில் காட்டியதும் நினைவுக்கு வருகிறது: வீட்டு இயந்திரங்கள் ஆண்கள், பிள்ளைகள், வேலையாட்கள் செய்துவந்த வேலையைத்தான் பெரிதும் குறைத்தன, அம்மாவின் வேலை அப்படியே இருந்தது. ரிப்பேர் ஆளுக்காகக் காத்திருப்பதையும் அந்தக் கணக்கில் நான் சேர்ப்பேன். "காலையில வருவோம், வீட்ல யாராவது இருங்க" என்பார்கள். அந்த யாராவது என்றைக்கும் அம்மாதான். அன்று சந்தைக்கும் போக முடியாது, கோயிலுக்கும் போக முடியாது.

மூன்றாமவர் போனதும் அம்மா ஸ்குரூ டிரைவரை எடுத்து மிக்ஸியைக் கவிழ்த்து அடிமூடியைக் கழற்றினாள். செம்பழுப்பாகத் தூள் கொட்டியது. கீழ்ப் புஷ் துருப்பிடித்துக் கிடந்தது. உப்புக்காற்று. 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தையே ஓயாமல் பெயின்ட் அடித்துத்தான் காத்தார்கள். துரு முற்றி 2022 டிசம்பரில் அதில் ரயிலை நிறுத்தினார்கள். இந்த ஊரில் உரசல் சத்தம் கேட்டால் முதலில் எதைப் பார்க்க வேண்டுமென்று இங்கே அடுப்படியில் நிற்கும் எவளுக்கும் தெரியும்.

ராமேஸ்வரத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் அரைமணி நேரத்தில் புது புஷ் போட்டுக் கொடுத்தார்கள். மூன்று சர்வீஸ் சீட்டுகளையும் அம்மா அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்திருக்கிறாள். கடைசிச் சீட்டில் வாடிக்கையாளர் என்ற இடத்தில் தம்பியின் பெயர் இருக்கிறது. அவன் அந்த மிக்ஸியில் இதுவரை ஒரு சட்னிகூட அரைத்ததில்லை.