கைக்கும் பெட்டிக்கும் நடுவே

நம் இளமைக்காலத்தில் சேத்துப்பட்டிலிருந்து ஆரணிக்குச் செல்லும் சாலையில் நாம் கண்ட பெரும் அதிசயம், நின்றுபோன ஒரு கார் மீண்டும் புறப்பட்டதுதான். 1990ஆம் ஆண்டு. அக்காவின் திருமணத்துக்குக் கூறைப்பட்டு எடுக்கப் பெரியப்பாவின் அம்பாசிடரில் போய்க்கொண்டிருந்தோம். முன் இருக்கையில் மூவர், பின்னால் ஐவர். நடுவழியில் கியர் விழவில்லை. ஸ்டியரிங்கின் இடப்புறம் நீட்டிக்கொண்டிருந்த தண்டு மேலும் போகவில்லை, கீழும் வரவில்லை. ஓட்டுநர் இறங்கினார், பானெட்டைத் திறந்தார், ஸ்டியரிங் தண்டின் அடிப்பக்கம் கையை விட்டு எதையோ இழுத்தார். ‘டக்’கென்று ஓர் ஓசை. கார் புறப்பட்டது.

ஆறு ஆண்டுகளுக்குப் பின் அதே கார் விற்கப்பட்டது. நகரத்துப் பட்டறை ஒன்றில் ‘கியர் பெட்டியே போய்விட்டது’ என்று சொல்லிவிட்டார்கள். புதுப்பெட்டி போடப் பெரியப்பாவிடம் பணமில்லை. பட்டுச்சேலைகளைச் சுமந்த அந்த வண்டி பழைய இரும்பு விலைக்குப் போனது. உண்மையில் பெட்டிதான் பழுதானதா என்னும் கேள்வி நம்மை விடவில்லை. அதற்கு விடை தேடப் புகுந்தபோது, அந்தத் தண்டுக்குப் பின்னால் ஒரு வரலாறே இருப்பது புலனாயிற்று.

கியர்த் தண்டு தரையிலிருந்து ஸ்டியரிங்குக்கு ஏறியது 1930களின் பிற்பகுதியில், அமெரிக்காவில். முன் இருக்கையில் மூன்றாமவர் கால் வைக்க இடம் வேண்டும் என்பதே காரணம். போருக்குப் பின் இங்கிலாந்தும் அவ்வழக்கத்தை ஏற்றது. அங்கே 1956இல் வந்த மூன்றாம் வரிசை மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரைத்தான், மறு ஆண்டிலிருந்து கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ‘அம்பாசிடர்’ என்று செய்யத் தொடங்கியது. இங்கிலாந்தில் அந்த மாதிரி 1959இலேயே நின்றுபோனது. இங்கோ 2014 மே வரை அம்பாசிடர் வந்துகொண்டிருந்தது. தண்டு தரைக்கு இறங்கவே 1990கள் பிறக்க வேண்டியிருந்தது.

தரையில் நிற்கும் கியர்த் தண்டு பெட்டியின்மேல் நேராக அமர்ந்திருக்கும். மதராஸில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு அத்தகையது. ஸ்டியரிங் தண்டோ பெட்டியிலிருந்து வெகுதூரத்தில் இருக்கிறது. அதற்கு இரண்டு வேலைகள். முதலில், பெட்டிக்குள் கிடக்கும் மூன்று கம்பிகளில் எதை அசைப்பது என்று தேர்ந்துகொள்ள வேண்டும்: ஒன்றுக்கும் இரண்டுக்கும் ஒரு கம்பி, மூன்றுக்கும் நான்குக்கும் ஒன்று, பின்னோட்டத்துக்கு ஒன்று. அடுத்து, தேர்ந்ததை முன்னோ பின்னோ தள்ள வேண்டும். நம் ஊர்த் தறியில் எந்த இழை மேலெழ வேண்டும் என்பதை ஜக்கார்டு அட்டை தேர்கிறது, மிதி அதை நிறைவேற்றுகிறது. ஏறக்குறைய அதே பிரிவினைதான் இதுவும்.

இவ்விரு கட்டளைகளும் பல கம்பிகள், முழங்கைகள், புஷ்கள் வழியாகவே பெட்டியை அடைகின்றன. ஒவ்வொரு மூட்டிலும் அரை மில்லிமீட்டர் தேய்ந்தால் ஆறு மூட்டுகளில் மூன்று மில்லிமீட்டர் ஆட்டம் சேர்ந்துவிடும். ஒரு கியரை விட்டு முழுதாக வெளிவருமுன் தண்டு அடுத்த கம்பியைத் தேடும். இரண்டு கியர்கள் ஒருசேர விழுந்துவிடாதபடி பெட்டிக்குள் ஒரு தடுப்பு இருப்பதால் எல்லாம் இறுகி நிற்கும். 1990இல் அந்த ஓட்டுநர் செய்தது, தண்டின் அடியிலுள்ள கைகளைக் கையாலேயே நடுநிலைக்கு இழுத்துவிட்டதுதான்.

சேத்துப்பட்டில் இன்றும் பழைய வண்டிகளைப் பார்த்துவரும் முதிய மெக்கானிக் ஒருவரிடம் பெரியப்பாவின் கார் கதையைச் சொன்னோம். அவர் கேட்டது ஒரே கேள்வி: “எஞ்சினை நிறுத்திட்டுப் போட்டா கியர் வுழுந்துதா சார்?”

அந்தக் கேள்வியில் ஒரு முறைமையே அடங்கியிருந்தது. எஞ்சின் நின்றிருக்கும்போது எளிதாக விழுந்து, ஓடும்போது மட்டும் கரகரத்தால் பெரும்பாலும் குற்றம் கிளட்சினுடையது; அது முழுதாக விலகவில்லை. நின்றிருக்கும்போதும் விழாவிட்டால் கம்பிகளைப் பெட்டியிலிருந்து கழற்றிவிட்டு, பெட்டியின் கைகளை நேரடியாக அசைத்துப் பார்க்க வேண்டும். அவை தடையின்றி அசைந்தால் பெட்டி குற்றமற்றது. முதல் கியர் மட்டும் கரகரப்பது நோயே அன்று. அந்தக் காலத்துப் பெட்டியில் அதற்குச் சிங்க்ரோமெஷ் கிடையாது, வண்டி நின்ற பிறகே போட வேண்டும்.

பெரியப்பாவின் வண்டியில் எஞ்சினை நிறுத்தினாலும் தண்டு நகராது. அடியில் கைவிட்டு இழுத்தால் மட்டும் சரியாகும். அது நமக்கு நன்றாக நினைவிருக்கிறது. கேட்டுவிட்டு அவர் சொன்னார்: “அப்போ பெட்டி மேல தப்பு இல்ல சார். கைக்கும் பெட்டிக்கும் நடுவுலதான் தப்பு. நாலு புஷ்ஷு மாத்தியிருந்தா ஓடியிருக்கும்.”

இந்த இடத்தில் நம் கட்டுரையை மெக்கானிக்கின் புகழ்ச்சியோடு முடித்துவிடலாம். பலரும் அப்படித்தான் முடிக்கிறார்கள். ஆனால் தேய்ந்துபோகும் என்று தெரிந்த ஓர் அமைப்பு ஏன் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மாறாதிருந்தது? 1953இல் சுங்க வரி ஆணையத்தின் பரிந்துரைக்குப் பின், வெறுமனே பாகங்களைப் பூட்டி விற்ற அயல்நாட்டு நிறுவனங்கள் வெளியேறின. எஞ்சியவை உத்தர்பாராவின் அம்பாசிடர், பம்பாயின் ஃபியட், மதராஸின் ஸ்டாண்டர்டு என மிகச் சில. 1983 டிசம்பரில் மாருதி வரும்வரை, பணம் கட்டிக் காத்திருப்பவர்கள் வரிசையில் நிற்க, விற்பவருக்கு எதையும் திருத்தும் அவசியம் எழவில்லை. ஆலை திருத்தாததை ஓட்டுநரும் மெக்கானிக்கும் சாலையோரத்தில் அன்றாடம் திருத்தினார்கள். நாம் வியக்கும் அந்தக் கைத்திறனில் ஒரு பகுதி, பிறர் செய்யாமல் விட்ட வேலையின் சுமை.

ஆனாலும் அந்தச் சுமையிலிருந்து ஓர் அறிவு பிறந்தது. கழற்றுமுன் கேட்க வேண்டும், பெரியதைப் பழிக்குமுன் சிறியதைப் பார்க்க வேண்டும் என்னும் அறிவு. அது எந்தப் பாடநூலிலிருந்தும் அந்த முதியவருக்கு வரவில்லை. அவருக்குப் பின் அதைக் கேட்டுக்கொள்ளப் பட்டறையில் இளையவர் எவரும் இல்லை.

பெரியப்பா இப்போது இல்லை. நாலு புஷ்களுக்காக ஒரு காரை இழந்தார் என்பதை அவரிடம் சொல்ல நேராமற் போனது நல்லதா கெட்டதா என்று நமக்கு இன்னும் விளங்கவில்லை.